காஞ்சனமாலையின் ஊரில் இரண்டு நாள்

மதுரைக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் மகளைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்த மகளைப் பெற்ற தாய்க்கும் அவ்வூரில் ஒரு கோயில் இருப்பதைச் சென்ற தை மாதம் வரை நானும் அறியாமலேதான் இருந்தேன். சொன்னவள் என் அம்மா.

அப்பா மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் ஒரே மகள் என்பதால் அம்மா இப்போது திருச்சியில் என்னோடு இருக்கிறாள். மலைக்கோட்டைக்கும் திருவரங்கத்துக்கும் அழைத்தால் வருவாள். கடைத்தெருவுக்கு அழைத்தால் மட்டும், "எனக்கு என்ன வேண்டியிருக்கு? நீ போயிட்டு வா" என்பாள். அப்பா இருந்த காலத்திலும் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்போது அது தெரியவில்லை. இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான் என்பதால் அந்த மௌனம் பெரிதாகக் கேட்கிறது.

இரண்டு நாள் எங்கேனும் போய்வரலாம் என்று முடிவுசெய்தபோது மதுரையைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் எளியவை. ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நிலையத்திலிருந்து மேலைக் கோபுரம் கூப்பிடு தூரம். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த ஊர். எந்தத் திசையில் வழி தவறினாலும் ஏதேனும் ஒரு கோபுரம் கண்ணில் படும். சித்திரை வீதிகளில் வாகனங்கள் ஓடுவதில்லையாதலால் முழங்கால் வலிக்காரர்களும் அச்சமின்றி நடக்கலாம். சித்திரைத் திருவிழாக் கூட்டம் அம்மாவுக்கு ஆகாது. தைத் தெப்பம் முடிந்த அடுத்த வாரம், செவ்வாய் வெள்ளியைத் தவிர்த்துப் புதன் வியாழன் என்று நாள் குறித்தேன்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் திட்டம் எழுதினேன். இப்போது அதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. முதல் நாள் மாலைக்குள் ஆறு கடைகள். இரண்டாம் நாள் காலையில் திருமலை நாயக்கர் மகால், பிற்பகலில் அழகர்கோயில், திரும்பும் வழியில் வண்டியூர்த் தெப்பக்குளம். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "உன் இஷ்டம்மா" என்றாள். நோட்டை மூடியபின், ஏதோ நினைவு வந்தவள்போல, "எழுகடல் தெரு பக்கம் போவியா?" என்று கேட்டாள். அங்கே காஞ்சனமாலைக்குக் கோயில் உண்டு என்று அவளுடைய பாட்டி சொல்லியிருந்தாராம். அறுபது ஆண்டுகளாக அம்மா அதை மனத்தில் வைத்திருந்தாள். நான் நோட்டைத் திறந்து கடைசி வரியாக அதையும் சேர்த்துக்கொண்டேன்.

தங்கும் விடுதியைத் தொலைபேசியில் பதிவு செய்தபோது கீழ்த்தளத்தில் அறை தருவதாகச் சொன்னார்கள். போனபின் கிடைத்தது இரண்டாம் மாடி. மின்தூக்கி பழுது. தாயை அழைத்துச் செல்பவர்கள் புறப்படும் நாளன்று காலையிலும் ஒருமுறை பேசி உறுதிசெய்துகொள்வது நல்லது.

கீழைப் பக்கம் அட்டசக்தி மண்டபத்தின் வழியாக நுழைந்தோம். மதுரையில் அம்மனை வணங்கிய பிறகே சுவாமி சந்நிதி என்பது மரபு. கைப்பேசியை உள்ளே அனுமதிப்பதில்லை. வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். அது ஒரு வரம் என்றே சொல்வேன். பொற்றாமரைக் குளப் படியில் அமர்ந்து அரை மணி நேரம் வேறெதையும் பாராமல் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று என்று கணக்கிட முயன்று விட்டுவிட்டேன்.

சுவாமி சந்நிதிக்கு முன்னால் கம்பத்தடி மண்டபத்தில் திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறதல்லவா? நாணித் தலை கவிழ்ந்த மீனாட்சி, கைப்பிடிக்கும் சுந்தரேசர், தாரை வார்த்துக் கொடுக்கும் திருமால். எத்தனையோ படங்களில் பார்த்த காட்சி. அம்மா நெடுநேரம் அதன்முன் நின்றாள். பிறகு, "அண்ணன் இருக்கார், மாப்பிள்ளை இருக்கார். பெத்தவ எங்கேடி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பகல் 12.30 அளவில் நடை சாத்திவிடுவார்கள்; மாலை 4 மணிக்குத்தான் திறப்பு. அந்த இடைவேளை கடைகளுக்கு உரியது என்று என் நோட்டு சொல்லிற்று. கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் சில ஆண்டுகளுக்கு முன் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென எழுப்பிய மண்டபம் அது. தூண்கள் மூச்சுவிட வேண்டியது நியாயமே. ஆயினும் தையல் இயந்திரச் சத்தத்தினூடே கற்சிலைகளைப் பார்த்துப் பழகிய என் போன்றோருக்கு அந்த அமைதி சற்று அந்நியமாகத்தான் இருக்கிறது.

அங்கிருந்து பித்தளை விளக்கு, தாழம்பூக் குங்குமம், வளையல் என்று வரிசையாக இழுத்துச் சென்றேன். நான்காவது கடையில் அம்மா ஒன்றும் சொல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வீங்கியிருந்தது. காலையிலிருந்தே வலியாம். "நீ இவ்வளவு ஆசையா எழுதி வச்சிருக்கே, எப்படிச் சொல்றது?" என்றாள். அந்தப் படியிலேயே நோட்டிலிருந்த பாதிக்கு மேற்பட்ட வரிகளை அடித்தேன். மகாலும் அழகர்கோயிலும் அடுத்த முறைக்கு. எழுகடல் தெருவை மட்டும் முதல் வரிக்குக் கொண்டுவந்தேன்.

உணவு விடுதியில் பரிமாறுபவர் வந்து, "அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அறிவேன். நாற்பது ஆண்டுகள் அவள் அப்பாவைப் பார்த்த பார்வை அது. அப்பா "ரெண்டு சாப்பாடு" என்றால் சாப்பாடு. "ரெண்டு இட்லி" என்றால் இட்லி. அவர் கடுமையானவர் அல்லர். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவே. எனக்கும் அன்றுவரை தோன்றியதில்லை. நான் வாய் திறக்காமல் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமாறுபவருக்கும் பொறுமை இருந்தது. "ரவா தோசை" என்றாள் அம்மா. சற்றுக் கழித்து, "முறுகலா" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மதுரையில் உண்பது பற்றித் தனியாகவே எழுதலாம். திருக்கல்யாண விருந்தை ஒருவனாகவே உண்டு தீர்த்து, அன்னக்குழி போதாமல் வைகையையும் வரவழைத்த குண்டோதரனின் ஊரல்லவா? இரவு எந்நேரமும் சூடான இட்லியும் அதற்கு நாலைந்து வகைச் சட்டினியும் கிடைக்கும். விளக்குத்தூண் பக்கம் பாலும் பாதாம் பிசினும் நன்னாரிச் சாறும் பனிக்கூழும் சேர்ந்த ஜிகர்தண்டா. வயதானவர்களுக்கு நான் சொல்வது மாலை வேளையில் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப்பால். பருத்திக் கொட்டையை அரைத்துப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துச் சுடச்சுடத் தருவார்கள். அம்மா ஒரு குவளை குடித்துவிட்டு, முழங்காலுக்கு இதுவே மருந்து என்று தானே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை. புதுமண்டபத்துக்குக் கிழக்கே முற்றுப்பெறாமல் நிற்கும் ராயகோபுரத்தையொட்டி எழுகடல் தெரு. கோபுரம் வானத்தை எட்டியிருக்க வேண்டியது, நிலையோடு நின்றுவிட்டது. ஏழு கடல்களும் வந்து கலந்ததாகச் சொல்லப்படும் குளம் இருந்த இடத்தில் இன்று கடைகள்.

அந்தக் கதையை அம்மா தெருவோரத்தில் நின்றபடியே சொன்னாள். திருவிளையாடற் புராணத்தில் ஒன்பதாம், பத்தாம் விளையாடல்கள் அவை. மகளுக்குத் திருமணமாகிவிட்டது, கணவர் மலயத்துவச பாண்டியர் முன்பே மறைந்துவிட்டார். அரண்மனைக்கு வந்த கௌதம முனிவரிடம் காஞ்சனமாலை பிறவி நீங்க வழி கேட்கிறாள். கடலில் நீராடுவது சிறந்தது என்கிறார் முனிவர். மதுரையில் கடலேது? அவள் தன் ஆசையை மகளிடம் சொல்கிறாள். மகள் தன் நாயகரிடம் சொல்ல, அவர் ஒரு கடலுக்குப் பதில் ஏழு கடல்களையும் ஊருக்குள்ளேயே அழைத்துவிடுகிறார்.

கரைக்குப் போன பிறகுதான் தடை எழுகிறது. கணவன் கையையோ மகன் கையையோ பற்றித்தான் பெண் நீராட வேண்டும். இருவரும் இல்லையெனில் பசுங்கன்றின் வாலைப் பற்ற வேண்டும் என்பது விதி. காஞ்சனமாலை கன்றின் வாலுக்கும் இசைந்தவள்தான். மகள் மனம் ஆறவில்லை. மீண்டும் நாயகரிடம் செல்கிறாள். விண்ணுலகில் இருந்த மலயத்துவசனை இறைவன் வரவழைக்கிறான். கணவன் கரம் பற்றிக் காஞ்சனமாலை நீராடுகிறாள். இருவரும் விமானமேறிச் சிவலோகம் செல்கின்றனர்.

"அவ வாயைத் திறந்து கேட்டா" என்றாள் அம்மா. "கேட்டதுனால வந்தது."

பிறகு சற்றுநேரம் பேசவில்லை. ஒரு மூட்டை வண்டி எங்களை உரசிக்கொண்டு போயிற்று. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

காஞ்சனமாலையின் கோயில் கடைகளுக்கிடையே அடங்கிய சிறு கோயில். தேடிச் செல்பவர்கள் கோயில் திறக்கும் நேரத்தைப் பெரிய கோயிலிலேயே விசாரித்துக்கொள்வது நலம். நாங்கள் சென்றபோது எங்களைத் தவிர யாருமில்லை. அம்மா கண்களை மூடி நின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மகளின் சந்நிதியில் சில நொடிகளுக்குமேல் நிற்க விடமாட்டார்கள். இங்கே எவ்வளவு நேரமும் நிற்கலாம்.

வெளியே பூக்காரி மல்லிகை வைத்திருந்தாள். பனிக்காலத்தில் மதுரை மல்லி வரத்துக் குறைவு. விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். அம்மா தானே பேரம் பேசி இரண்டு முழம் வாங்கினாள். ஒன்று அம்மனுக்கு. மற்றதை என் தலையில் வைத்தாள். வைக்கும்போது ஒரு கண்ணியைக் கிள்ளித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் கீழே வைத்திருப்பாள்.

சுங்குடிச் சேலைக்கென்று முதல் நாளே ஒரு கடைக்குப் போயிருந்தோம். நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைத்திறன் அது. 2005-இல் புவிசார் குறியீடும் பெற்றது. பருத்தித் துணியில் சிறுசிறு முடிச்சுகளை நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்கி, உலர்ந்தபின் அவிழ்த்தால், கட்டிய இடம் மட்டும் புள்ளியாக வெளுத்து நிற்கும். இன்று கடைகளில் பெரும்பாலானவை அச்சில் புள்ளி வைத்தவையே. முடிச்சுச் சேலையைக் கண்டுகொள்வது கடினமன்று: புள்ளிகள் ஒன்றுபோல் இரா, தடவிப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியிலும் துணி மெல்லச் சுருங்கி விரலில் தட்டும். விலை கூடுதல்தான், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெண்ணின் விரல் உழைத்திருக்கிறது.

முதல் நாள் அம்மா என் மகளுக்கு ஒன்று, அடுத்த வீட்டுக்காரருக்கு ஒன்று என்று எடுத்துவிட்டுத் தனக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்திருந்தாள். நான் அரக்கு நிறத்தை வற்புறுத்த, "சின்னக் குழந்தைக்குச் சட்டை எடுக்கிற மாதிரி எடுக்காதே" என்று கடைக்காரர் முன்னிலையிலேயே கோபித்துக்கொண்டு, சாம்பல் நிறத்தையும் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாம் நாள் ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. "அந்தச் சேலைக் கடை திறந்திருக்குமா?" என்று கேட்டாள். திறந்திருந்தது. நான் தள்ளி உட்கார்ந்தேன். அவள் பத்துப் பன்னிரண்டு சேலைகளைப் பிரிக்கச் சொல்லி, புள்ளிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்து, கடைசியில் எடுத்தது அரக்கும் அன்று, சாம்பலும் அன்று, கத்தரிப்பூ நிறம். பணத்தை நான் எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டுத் தன் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.

ரயில் கொடைரோட்டைத் தாண்டியபோது அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். மடியில் சேலைப் பை. கண்ணைத் திறக்காமலே, "மதுரையிலேருந்து ராமேஸ்வரம் எத்தனை மணி நேரம்?" என்றாள்.

நான் நோட்டை எடுத்து ஒரு புதிய பக்கம் திருப்பினேன்.