பெட்டியில் வந்த கார்

லுசேர்ன் மாநிலத்தின் என்ட்லெபூக் பள்ளத்தாக்கில் ஷூப்ஃப்ஹைம் என்றோர் ஊர் உண்டு. அங்கே கராஜ் நடத்திய என்ஸ்மன் குடும்பத்தார் 1957ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தனர். வோக்ஸ்வாகன் ‘வண்டு’ காரின் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணாடி இழையாலான திறந்த மேற்கூடொன்றை அதன்மேல் பொருத்தினர். அதற்குக் கதவுகள் இல்லை. பக்கத்திலுள்ள படியில் கால்வைத்தே ஏறுதல் வேண்டும். அவ்வாண்டு பிராங்க்பேர்ட் கண்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்த இடத்தின் இலக்கம் 506. அதுவே காரின் பெயராயிற்று. 1968 வரை ஏறத்தாழ நூறு கார்களே உருவாயின.

கண்ணாடி இழை நமக்குப் புதிதன்று. காரைநகர் சீநோர் தளத்தில் கட்டப்பட்ட மீன்பிடிப் படகுகளைப் பெற்றோர் பலர் அறிவர். அச்சுக்கு மெழுகு பூசி, கண்ணாடி நார் விரிப்பைப் பரப்பி, பிசினில் தோய்த்துப் படைபடையாக ஒட்டுவர். இறுகியபின் கழற்றினால் அச்சின் வடிவம் கிடைக்கும். தகட்டை அழுத்தி வளைக்கும் பாரிய பொறிகள் வேண்டியதில்லை. ஆதலால் சிறு பட்டறைகளும் கார் செய்யத் துணிந்தன.

இவ்வழியில் நெடுந்தொலைவு சென்றது ‘நோவா’ என்னும் கார். 1971இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ரன் நகரில் றிச்சட் ஓக்ஸ் என்பவர் இதனை வடிவமைத்தார். இதற்கும் அடிச்சட்டம் அதே வண்டுக் காருடையது. இதிலும் கதவுகள் இல்லை. முன்கண்ணாடியோடு கூரை முழுவதும் மேலே எழும். நோவாவை உதிரிப் பகுதிகளாகவும் விற்றனர். வாங்கியவர், பழைய வண்டுக் காரொன்றின் மேற்கூட்டை நீக்கிவிட்டுத் தம் வீட்டிலேயே புதியதைப் பூட்டிக்கொள்ளலாம்.

பின்னர் அது நாடு நாடாகச் சென்று பெயர் மாறியது. அமெரிக்காவில் ‘ஸ்ரேர்லிங்’, அவுஸ்திரேலியாவில் ‘யுரேக்கா’, தென்னாபிரிக்காவில் ‘ஈகிள்’, இத்தாலியில் ‘பூமா’, ஒஸ்ரியாவில் ‘லெடல்’, இங்கே சுவிசில் ‘கிரிஃப்’ என்றெல்லாம் வழங்கிற்று. வண்டுக் கார் எங்கும் இருந்தமையால் இது இயன்றது. 2003இல் மெக்சிக்கோவில் உற்பத்தி நிற்கும்வரை 2 கோடியே 15 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டுக் கார்கள் செய்யப்பட்டன.

தமிழ்ப் பள்ளி மலரில் கார்க்கதை எதற்கு என்று கேட்பீர்கள். வார இறுதியில் நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் உதிரிப் பகுதிகள் நிறைந்த ஒரு பெட்டியே. எழுத்து, சொல், வேற்றுமை, புணர்ச்சி எல்லாம் அதற்குள் உண்டு. ஆனால் அதைப் பூட்டும் இடம் வகுப்பறை அன்று, வீடு. பூட்டப்படாத பெட்டி எத்துணை ஆண்டுகள் கிடந்தாலும் காராகாது.

நம் வகுப்பில் பாடத்தைப் பிழையின்றி வாசிக்கும் பிள்ளை, வாசலில் தாயைக் கண்டதும் ஜேர்மன் மொழியில் பேசுகிறது. தாயும் தமக்குத் தெரிந்த ஜேர்மனிலேயே மறுமொழி கூறுகிறார். தாய் மனத்திலுள்ளதை முழுதும் சொல்ல அந்த ஜேர்மன் போதாது. பிள்ளை சொல்வதற்கு அதன் தமிழ் போதாது. பத்தாண்டு சென்றபின் அவ்விருவரும் எம்மொழியில் மனம்விட்டுப் பேசுவர்? நம் கவலையெல்லாம் அதுவே.

உணவகத்திலும் மருத்துவமனையிலும் இரவு பகலாக உழைத்துவரும் பெற்றோரின் களைப்பை நாம் அறிவோம். நாமும் அவ்வாறு உழைப்பவரே. ஆயினும், 1990களில் பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் கார்களை ஓட்டியவர் நம்மவர். கிடைத்ததைக் கொண்டு ஓடவைக்கும் திறன் நமக்கு உண்டு. இரவு உணவு வேளையில் பதினைந்து நிமிடத் தமிழ்ப் பேச்சு, ஞாயிறன்று அம்மம்மாவுடன் தொலைபேசியில் ஓர் உரையாடல்: தொடங்குவதற்கு இவை போதும்.

நம் பிள்ளைகள் இந்நாட்டின் வடிவத்தைப் பெறுவர். அதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை. நோவாவும் நாட்டுக்கொரு பெயர் பெற்றது. அடிச்சட்டம் மட்டும் உறுதியாக இருந்தது. மாணவச் செல்வங்களே, நாளை உங்கள் தாயாரிடம் அவர் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றித் தமிழில் கேளுங்கள். விளங்காத சொல்லைக் குறித்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள், இருந்து பேசுவோம்.