பொந்து வாசலில்

ஜனவரி 9, நுவரெலியா

கடல் மட்டத்துக்கு 1,868 மீட்டர் மேலே இருக்கும் ஊர். கம்பளி போர்த்தியும் விரல் விறைக்கிறது. ஓடைக்கரைக் கிழட்டு நாவல் மரத்தின் பொந்தில் இன்று புலிமுகச் சிலந்தியைப் பார்த்துவிட்டேன். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றியிருந்தேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் நொடியில் உள்ளே ஓடிவிடும். உடம்பெல்லாம் மரப்பட்டை நிறம், முதுகில் வெளிறிய கோலம். சிங்களத்தில் இதைத் ‘திவி மகுளுவா’, சிறுத்தைச் சிலந்தி என்கிறார்கள். 1895-இல் விலங்கியலாளர் பொக்கொக் இதற்கு இட்ட அறிவியல் பெயர் பொயிசிலோதேரியா சப்ஃபஸ்கா. இலங்கை தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை.

ஜனவரி 10

இரண்டு மணி நேரம் அசையவே இல்லை. முன்னங்கால்கள் மட்டும் வாசலுக்கு வெளியே. இரை பிடிக்க இது வலை கட்டுவதில்லை. நூலெல்லாம் பொந்துக்குள் மெத்தை விரிக்கத்தான். கண்கள் எட்டு இருந்தும் பார்வை மங்கல். பட்டையில் ஊர்வதன் அதிர்வைக் கால் மயிர்கள் சொல்லிவிடும். ஒரு பாச்சான் அருகே வந்தது. பாய்ந்ததை நான் பார்க்கவில்லை, பாச்சானைக் காணோம் என்பதை மட்டும் பார்த்தேன்.

ஜனவரி 13

மழை, மூடுபனி. பொந்து வாசல் வெறுமை. குளிரில் சிலந்தியின் உடலும் மந்தமாகிவிடும். பசியும் தாங்கும்.

ஜனவரி 15

பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயக் காம்பராச் சுவரில் இன்னொரு சிலந்தி. மெலிந்த உடல், நீண்ட கால்கள். பெண் தேடி அலையும் ஆணாகத்தான் இருக்கும். வீட்டம்மா விளக்குமாறை ஓங்கிவிட்டார்.

“கடிச்சா ஆள் பொழைக்குமா மகன்?”

கடித்தால் வலி கடுமை, தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீளலாம், ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்; ஆனால் ஆள் செத்ததாகப் பதிவு இல்லை என்றேன். கை படாமல் டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, நாவல் மரத்தடியில் விட்டோம். பெண் சிலந்தி பத்தாண்டு தாண்டியும் வாழும். பருவமெய்திய ஆணுக்கு மிஞ்சியிருப்பது சில மாதங்கள்தான். அதை ஒரு விளக்குமாற்று அடியில் முடிக்க மனம் வரவில்லை.

ஜனவரி 16

2019-இல் இந்தச் சிலந்தியின் பேரினம் முழுவதையும் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்து, நாடு விட்டு நாடு விற்பதற்குக் கடிவாளம் போட்டார்கள். நல்லது. ஆனால் பொந்துள்ள கிழட்டு மரம் விறகாகிப் போனால் இது எங்கே குடியிருக்கும்? உங்கள் ஓடைக்கரையில் அப்படி ஒரு மரம் நின்றால், தயவுசெய்து அதை வெட்டாதீர்கள்.