லொங்கு லொங்கென்று நடப்பதற்கு இங்கிலீஷில் என்ன?

'ட்ரட்ஜ்' என்று இங்கிலீஷில் ஒரு சொல் உண்டு. பிள்ளைகளின் அகராதியைப் புரட்டினால் 'சிரமத்துடன் நடத்தல்' என்று போட்டிருக்கும். தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அது போதவில்லை. "கால்ல முள்ளு குத்தினாகூட சிரமப்பட்டுத்தான் நடக்கறோம். அதுவும் ட்ரட்ஜா தாத்தா?" என்று கேட்டாள்.

தாத்தாவுக்கு வயது எழுபதுக்கு மேல். ஏரித் தண்ணீரில் நெல் வைத்தவர். இங்கிலீஷ் தெரியாது. பாடத்தில் அந்தச் சொல் எங்கே வருகிறது என்று மட்டும் கேட்டார். கொட்டும் மழையில், முதுகில் மூட்டையோடு ஒருவன் வீடு திரும்புகிறான் என்றாள் பேத்தி. "அப்போ லொங்கு லொங்குன்னு வரான்னு சொல்லு கண்ணு" என்றார்.

சரியான பொருள் அதுதான். முள் குத்தியவன் நொண்டுவான். அதற்கு 'லிம்ப்' என்று தனிச்சொல் இருக்கிறது. 'ட்ரட்ஜ்' என்றால் உடம்பில் களைப்போ தலையில் சுமையோ இருக்க வேண்டும். அடி மெதுவாகவும் கனமாகவும் விழ வேண்டும். ஆனாலும் ஆள் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். காலாற உலாவப் போகிறவரை இப்படிச் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு பங்காளிச் சொல் 'ப்ளாட்'. 1751-ல் வெளியான தாமஸ் கிரேயின் புகழ்பெற்ற இரங்கற்பாவில், மாலையில் வீடு திரும்பும் உழவனின் நடைக்கு இந்தச் சொல்தான் வருகிறது. அந்தக் களைப்பு எவ்வளவு என்று தாத்தா சொல்லச் சொல்ல, பேத்தி நோட்டில் கணக்குப் போட்டாள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. நாட்டுக் கலப்பையில் சாலுக்குச் சால் அரை அடி என்று வைத்தால், ஒரு தடவை உழுது முடிக்க 87,120 அடி நடக்க வேண்டும். ஏறக்குறைய 26½ கிலோமீட்டர்! தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு ரயிலில் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அதுவும் தார் ரோட்டில் இல்லை. சேற்றில், மாட்டுக்குப் பின்னால், மேழியை அழுத்திப் பிடித்தபடி. தாத்தா ஏன் மாடிப்படி ஏற யோசிக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

இப்போது மலையேறப் போகிறவர்கள் சொல்லும் 'ட்ரெக்' என்ற சொல்லும் மாட்டோடு வந்ததுதான். டச்சு மொழியில் 'இழு' என்று பொருள்படும் சொல் அதன் வேர். 1830-களில் தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த குடியானவர்கள் மாட்டு வண்டிகளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போன நெடும்பயணத்துக்கு அந்தப் பெயர். இன்று காசு கட்டி நடப்பதற்கும் அதே சொல்.

தண்ணீரில் காலை இழுத்து இழுத்து நடப்பது 'வேட்'. இதை முடிச்சூருக்கு அகராதி சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். ரோடு எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. அது கழனியாக இருந்தபோது நடந்த தாத்தாவின் காலுக்கு மட்டும் பள்ளமும் மேடும் நினைவிருந்தது. ஒரு கழியால் தரையைக் குத்திப் பார்த்தபடி அவர் முன்னால் நடக்க, தெருவில் நாலு குடும்பங்கள் கைகோத்துப் பின்னால் போயின. மேட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இத்தனை சொல் இருந்தும், தாத்தாவின் ஒரு நடைக்கு மட்டும் இங்கிலீஷில் பொருத்தமான ஒற்றைச் சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. பட்டாவில் பெயர் மாற்ற அவர் ஓர் அலுவலகத்துக்கு 'நடையாய் நடந்த' நடை அது. 'இன்று போய் அடுத்த வாரம் வா' என்று எத்தனை தடவை சொன்னாலும் மஞ்சள் பையில் காகிதங்களோடு மறுபடி கிளம்பினாரே, அதை 'ட்ரட்ஜ்' என்றால் பாதிதான் சொன்னதாகும். களைப்பு வந்துவிடும்; எத்தனை முறை என்பது வராது. நம் சொல்லில் இரண்டும் இருக்கிறது.

நோட்டில் அவள் கடைசியாக எழுதிக்கொண்டது: 'ட்ரட்ஜ் – களைத்தும் நிற்காமல் நடத்தல்.'

நாற்றுக்கட்டைச் சுமந்து வரப்பில் போகும் நடை, விலை போகாத மூட்டையோடு சந்தையிலிருந்து திரும்பும் நடை என்று ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு ஊர் வேறு சொல் இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்த சொல்லை, எந்த ஊர்ப் பேச்சு என்ற விவரத்தோடு கேள்வி–பதில் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள்.