சட்டைப்பையில் ஒரு சித்திர ஏடு

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன் பின்னர் கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தேயிலைப் பெட்டிகளில் எத்தனையோ பேர் தீட்டிவிட்டனர். அவள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இருக்கின்றாள். அட்டன் மலைகளில் நாம் கொண்டு திரியும் உள்ளங்கையளவு ஏட்டிலோ, இடுப்பிற் கட்டிய படங்கும், தலையிற் கூடைக்கயிறு அழுத்திய தடமும், கறையேறிய விரல்களுமே நிறைந்துள்ளன.

மூடுபனியில் தாள் ஈரித்தால் மை பரவும். ஆகவே பென்சிலே உத்தமம். கொழுந்து நிறுக்கும் வேளையிற்றான் அவர்கள் சற்று நிற்பார்கள். அதற்குள் நாலு கோடுகள் போதும். (கவ்வாத்து வெட்டிய செடியை வரைவதற்கு ஒரு நாளும் போதாது!) கேளாமல் எவரையும் வரைவதில்லை.

லயத்து வாசலில் ஒரு பாட்டி படத்தை உற்றுப் பார்த்து, "எங் கையா தம்பி இது?" என்றார். தாளைக் கேட்டார், கிழித்துக் கொடுத்தோம்.