வேடந்தாங்கல்: பறவைக்கு வீடு ஏரி, சோறு போடுவது வயல்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைத் தாண்டினால் படாளம் கூட்டு ரோடு வரும். அங்கிருந்து வலப்பக்கம் திரும்பும் சாலை, நெல் வயல்களையும் சிறு ஏரிகளையும் கடந்து வேடந்தாங்கல் போய்ச் சேர்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தூரம். செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தைச் சேர்ந்த ஊர்.

வேடர்கள் தங்கிய இடம் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். பெயரில் வேடர் இருந்தாலும், வேட்டையைத் தடுத்து நிறுத்திய ஊர் என்றுதான் இன்று இதற்குப் பெயர். அந்தப் பெருமை இங்குள்ள விவசாயிகளுக்கு உரியது.

1798-இல் கிடைத்த கௌல்

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவைகள் போனால் எங்கள் விளைச்சலும் போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதை ஏற்று, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று கௌல் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருகிறாரே, அதே பிளேஸ் துரைதான்.

அந்த உரிமை 1858-இல் மறுபடி உறுதி செய்யப்பட்டது. 1936-இல் அரசு இதைச் சரணாலயமாக ஏற்றது. 2022-இல் இந்த ஏரியும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈர நிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. சட்டங்கள் பின்னால்தான் வந்தன. முதலில் பறவைகளைக் காத்தது, வயலின் லாப நட்டம் அறிந்த விவசாயியின் கணக்கு.

எச்சம் உரமாகும் விதம்

அந்தக் கணக்கு சரியானதுதானா? ஏரியின் பரப்பு சுமார் 30 எக்டர், அதாவது 75 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் பாதி முழுகி நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும், அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில் பறவைகள் வரத் தொடங்கும். நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா ஆகியவை இந்த மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து போன்றவை வெகு தொலைவிலிருந்து வந்து குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும்.

பல ஆயிரம் பறவைகளின் எச்சம் மாதக்கணக்கில் தண்ணீரில் விழுகிறது. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அதிலுள்ள யூரிக் அமிலம் நுண்ணுயிர்களால் சிதைந்து அம்மோனியாவாக மாறித் தண்ணீரில் கரைகிறது. மதகைத் திறந்தால் வயலுக்குப் பாய்வது வெறும் தண்ணீர் அல்ல, உரம் கரைத்த தண்ணீர். 1798-இல் யூரியா உரம் எதுவும் வயலுக்கு வரவில்லை. ஆனால் இந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் பயிர் செழிப்பதை ஊரார் கண்ணால் கண்டிருந்தார்கள்.

இதில் இன்றைய விவசாயிக்கு ஒரு பாடம் உண்டு. தண்ணீரிலேயே தழைச்சத்து வரும்போது, மூட்டைக் கணக்கில் யூரியா போடுவது வீண் செலவு. தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாகிக் குலைநோயையும் இலைச்சுருட்டுப் புழுவையும் அழைத்துவரும். பறவை தங்கும் ஏரிகளின் ஆயக்கட்டில் பயிர் செய்வோர் மண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே பெரும்பாலான இலைகள் இறங்கினால் மட்டும் மேலுரமாக யூரியா இட்டால் போதும்.

இரை எங்கே கிடைக்கிறது?

சுற்றுலா வருபவர்கள் ஏரிக்கரையில் நின்று கூடுகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். காலையில் கூட்டை விட்டுக் கிளம்பும் பறவை எங்கே போகிறது என்பதைக் கவனிப்பவர் குறைவு. 75 ஏக்கர் ஏரியில் இத்தனை பறவைகளுக்கும் குஞ்சுகளுக்கும் இரை இருக்காது. ஏரி அவற்றுக்குப் படுக்கையறை. அடுப்படி என்பது சுற்றுவட்டார ஏரிகளும் வாய்க்கால்களும் நெல் வயல்களும்தான்.

நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுகளுக்கும் நடுவில் பாக்குவெட்டியைப் போல ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சில் இருக்காது, வளர்ந்த பறவையில்தான் தெரியும். வயல் நத்தையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து, அலகு நுனியை உள்ளே விட்டுச் சதையை மட்டும் உருவி எடுக்கும் திறமை அதற்கு உண்டு. வரப்பில் வளை போட்டுத் தண்ணீரை வடிய விடும் நண்டுகளைக் கொக்கும் நாரையும் பிடித்துத் தின்கின்றன. உழும்போது மாட்டின் பின்னாலும் டிராக்டர் பின்னாலும் வரும் உண்ணிக்கொக்கு, வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்குகிறது.

பறவையால் தொல்லையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. புதிதாக நட்ட வயலில் கூட்டமாக இறங்கினால் நாற்று மிதிபடும். நீலத் தாழைக்கோழி பயிரைக் கடித்துப் போடும். அந்தச் சில நாட்களுக்குக் காவல் வேண்டியிருக்கும். பருவம் முழுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வரவுதான் மிகுதி.

விஷமும் தண்ணீரும்

அடுப்படியில் விஷம் கலந்தால் படுக்கையறையைக் காத்துப் பயனில்லை. கார்போபியூரான் குருணை பறவைகளுக்குக் கொடிய நஞ்சு. வயலில் சிதறிய குருணையை இரை என்று கொத்திய பறவை பிழைக்காது. விஷம் ஏறிய நத்தையையும் மீனையும் தாய்ப்பறவை கூட்டுக்குக் கொண்டுபோனால் குஞ்சும் சாகும். போரேட் 2020 இறுதியோடு நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய சரக்கு யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இலைச்சுருட்டுப் புழு தெரிந்த உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. பயிர் வளரும் பருவத்தில் 10 சத இலைகளும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதமும் பாதிக்கப்பட்ட பிறகே மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். ஏக்கருக்கு 15 முதல் 20 பறவைத் தாங்கிக் குச்சிகளை நட்டால் பகலில் கரிச்சான் குருவி உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும், இரவில் ஆந்தை எலியைப் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர்ப் பிரச்சினை இதைவிடச் சிக்கலானது. நவரைப் பட்டத்துக்கு டிசம்பர், ஜனவரியில் நடவு. பறவைகள் குஞ்சு வளர்ப்பதும் அதே மாதங்களில்தான். ஏரி சீக்கிரம் வற்றினால் மரத்தடி காய்ந்து, பூனையும் நாயும் கூடுவரை போய்விடும். தாய்ப்பறவைகள் கூட்டைக் கைவிட்டுப் பறந்துவிடும். மழை குறைந்த ஆண்டில் பயிரும் குஞ்சும் ஒரே தண்ணீருக்குக் காத்திருக்கின்றன. வரத்துக் கால்வாய்களைத் தூர் எடுத்து மழை நீரை முழுதாக ஏரிக்குக் கொண்டுவருவதும், வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதும் இரு தரப்புக்கும் நல்லது.

ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயப் பகுதி. பட்டா நிலங்களும் வீடுகளும் அதற்குள் இருக்கின்றன. 2020-இல் இதை 3 கி.மீ. ஆகக் குறைக்கும் யோசனை எழுந்தபோது பலத்த எதிர்ப்பு வந்தது. எல்லை எவ்வளவு என்பது காகிதத்தில் முடிவாகலாம். அந்த நிலம் தொடர்ந்து நெல் வயலாக இருக்குமா, மனையாகிவிடுமா என்பது நிலத்துக்காரர் கையில் இருக்கிறது. விவசாயம் கட்டுப்படியானால்தான் வயல் வயலாக நிற்கும். வயல் நின்றால்தான் நாரைக்கு இரை.

மற்ற ஊர்களிலும்

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. அங்கும் எச்சம் கலந்த மண் வயலுக்குப் போகிறது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. உங்கள் ஊர் ஏரியிலும் நாலு நாரை வந்து தங்கினால் விரட்ட வேண்டாம். ஏரிக்குள் நிற்கும் மரங்களை வெட்டாமல் விட்டால் அடுத்த ஆண்டு அவை கூட்டமாக வரக்கூடும்.

வேடந்தாங்கலை நேரில் பார்க்க விரும்புவோர் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவது நல்லது. கூட்டை விட்டுப் பறவைகள் கிளம்பும் காலை நேரமும், கூட்டமாகத் திரும்பும் மாலை நேரமும் ஏற்றவை. குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். கரையில் நின்று ஏரியைப் பார்த்த பிறகு, மதகுக்குக் கீழே இருக்கும் வயலையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.