இடது பக்கம் அவர், வலது பக்கம் வண்டி

ஜனவரி 19, ஞாயிறு

காலையும் இரவும் வீட்டுக்காரருக்கு பி.பி. பார்த்து எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். அதற்காக வாங்கிய நோட்டு இது. இடது பக்கத்தில் 132/84, நாடி 70. வலது பக்கம் சும்மா கிடப்பானேன்?

பொங்கலுக்கு முந்தின ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். விடிவதற்குள் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். எக்கோவில் இதயம் 45 சதவீதம் தள்ளுகிறதாம். 55க்கு மேல் இருக்க வேண்டுமாம். பாரம் தூக்கக்கூடாது, மறுபடி சொல்லும்வரை வண்டி ஓட்டக்கூடாது. அம்பாசடர் டாக்சியில் ஆரம்பித்து வேன், பஸ் என்று டிராவல்ஸ் நடத்திய மனுஷனிடம் இதைச் சொன்னபோது, அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. மேலே ஃபேனைப் பார்த்தார்.

மாலை கோயம்புத்தூர் பட்டறையிலிருந்து போன். டிரெய்லர் தயாராம். எங்கே இறக்கணும் என்று கேட்டார்கள்.

ஜனவரி 23

வந்துவிட்டது. பதினாலு அடி நீளம், வெள்ளை நிறம். உள்ளே ரெண்டு கட்டில், ஒரு அடுப்பு, மடக்கு மேஜை, பின்கட்டிலுக்கு அடியில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. ஓய்வு பெற்றால் இதைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது என்பது அவருடைய பல வருஷக் கணக்கு. என்னுடைய கணக்கு அதில் இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

தெருவே கூடிவிட்டது. பிள்ளைகளுக்குக் கேரவன் என்றால் ஷூட்டிங்தான். "எந்த நடிகர் வந்திருக்காரு ஆன்ட்டி?" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். புதுச்சேரியில் இது கேட்கக்கூடிய கேள்விதான்.

அத்தை திண்ணையில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "பின்பாரமா கீது" என்றார். பாகூரில் அத்தையின் அப்பா நெல் வண்டி ஓட்டியவர். அதற்குள் டெலிவரி சீட்டில் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள்.

ஜனவரி 24

அவர் டிரெய்லருக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

டிரெய்லரை இழுக்கிற பிக்கப் போன நவம்பரிலேயே வந்துவிட்டது. ஃபெஞ்சல் புயல் வந்தபோது நல்லவேளை மேட்டில் நின்றது. ஒரே நாளில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொட்டித் தீர்த்த மழை அது. ரெயின்போ நகர் பக்கம் ராணுவம் படகோடு வந்தது.

இன்று அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். வாங்கும்போது இரண்டு வண்டிக்கு நடுவே அல்லாடியிருக்கிறார். ஹைலக்ஸ் 2.8 லிட்டர், 204 குதிரை. வி-கிராஸ் 1.9 லிட்டர்தான், ஆனால் 163 குதிரை, 360 நியூட்டன் மீட்டர். கடைசியில் வாங்கியது வி-கிராஸ். அவர் முதலில் ஓட்டிய அம்பாசடர் டீசல் ஒன்றரை லிட்டர்; அதில் நாற்பது குதிரைகூட இல்லை. இன்ஜின் அளவு அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது, சக்தி மட்டும் நாலு மடங்கு எப்படி வந்தது?

டர்போவாம். புகை வெளியே போகிற வேகத்தில் உள்ளங்கை அளவு காற்றாடி ஒன்று நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருப்பது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் டீசலும் கூட எரியும். ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிஸ்காரர் 1905லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டாராம். வீணாய்ப் போகிற புகையிலிருந்து வேலை வாங்குவது என்று சொல்லும்போது இவருக்கு முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு முதல் தடவை.

"யார் ஓட்டுறது?" என்றேன்.

"நீதான்."

பிப்ரவரி 9

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானம். எங்களிடம் முன்பு வேலை பார்த்த டிரைவர் தம்பி வந்திருந்தான். கார் எனக்குப் பழக்கம்தான், முன்னால் போவதில் சிரமம் இல்லை. ரிவர்ஸில்தான் தலை சுற்றுகிறது. டிரெய்லர் இடது பக்கம் போகணும் என்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். அது திரும்ப ஆரம்பித்ததும் உடனே நாம் அதன் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக்கொள்கிறது. "ஸ்டியரிங்கோட கீழ்ப்பக்கத்தைப் பிடிங்க அண்ணி. கை எந்தப் பக்கம் போகுதோ, டிரெய்லர் அந்தப் பக்கம் போகும்" என்றான் தம்பி. அதன் பிறகு கொஞ்சம் தெளிவு வந்தது.

நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். எரிச்சல்.

பிப்ரவரி 10

கழுத்து வலி. 128/82.

பிப்ரவரி 14

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. பழுது இல்லை என்றார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்தால் 600 டிகிரி வரை சூடேற்றித் தானே எரித்துக்கொள்ளும். ஆனால் எங்கள் கருவடிக்குப்பத்துக்கும் மார்க்கெட்டுக்கும் இடையே உருட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சூடு வராது. நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து டிரெய்லர் இல்லாமல் தனியாகக் கிளம்பினேன். சிவாஜி சிலை, கோட்டக்குப்பம், காலாப்பட்டு, அதைத் தாண்டியும் கொஞ்ச தூரம். விளக்கு அணைந்த பிறகும் உடனே திரும்பவில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டேன். வீட்டில் "ஏன் இவ்வளவு நேரம்?" என்றார். வடிகட்டி என்றேன்.

பிப்ரவரி 21

இந்த ஊரில் வீடு கட்டினால் சுடுகாட்டு ஊர்வலத்துக்குப் பழகிவிட வேண்டும். புதுச்சேரியின் பாதிப்பேர் கடைசியில் எங்கள் வழியாகத்தான் வருகிறார்கள்.

டிரெய்லரை வீட்டுப் பக்கத்து மனையில் ரிவர்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வண்டி தெருவை அடைத்துக் குறுக்கே நிற்கிற நேரத்தில், முனையில் தப்பட்டைச் சத்தம். பூப்பல்லக்கு, பட்டாசு, ஆடிக்கொண்டே வருகிற பையன்கள். எனக்கு முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. முன்னால் எடுத்தால் ஊர்வலத்தின் மேல், பின்னால் எடுத்தால் மின்கம்பத்தின் மேல்.

தப்பட்டை நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், நல்ல போதை, நேராக வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றான். "அக்கா, பதறாத. ஒடி, ஒடி, இன்னும் ஒடி... இப்ப நேராக்கு." அவ்வளவு சுத்தமாக எனக்கு யாரும் வழி சொன்னதில்லை. கிரஷர் லாரியில் இருக்கிறவனாம். டிரெய்லர் அளவெடுத்த மாதிரி மனைக்குள் போய் நின்றது. அவன் ஒரு சலாம் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் ஆட ஆரம்பித்தான்.

முன்னால் கொள்ளிச்சட்டியோடு நின்ற பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவ்வளவு நேரமும் அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கோபமே இல்லாமல். இவர் வாசலில் நின்றவர், கூட்டம் கடந்து போகும்வரை உள்ளே வரவில்லை. இரவு 146/90.

மார்ச் 3

பதிவு வேலையாக அலைச்சல். இன்ஜினே இல்லாத இதற்கு எதற்கு ஆர்.சி. என்று அத்தை கேட்டார். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்பதற்குச் சொல்கிற விளக்கத்திலேயே டிரெய்லரும் அடக்கம். அதனால் தனி ஆர்.சி., தனி நம்பர் பிளேட், தனி இன்ஷூரன்ஸ். டிராவல்ஸ் கணக்கு வழக்கு, எஃப்.சி., பெர்மிட் எல்லாம் நான் பார்த்த வேலைதான். இந்த ஒன்றில் மட்டும் இவருக்கு என்மேல் முழு நம்பிக்கை.

லியோனிலிருந்து மகன் போன். பிரான்ஸில் சாதாரண லைசென்ஸுக்கு 750 கிலோ டிரெய்லர் வரைதான் கேள்வி இல்லை. அதற்கு மேல் போனால் பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து மூன்றரை டன்னுக்குள் இருக்கணும், தாண்டினால் தனிப் பயிற்சி. "அம்மா, உங்க ஜோடி அதைத் தாண்டும்" என்றான். நம் எல்.எம்.வி. லைசென்ஸின் எல்லை 7,500 கிலோ. சட்டம் நிம்மதி கொடுத்த அளவுக்கு அவன் கொடுக்கவில்லை. அப்பாவிடம் பேசு என்றேன். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

மார்ச் 12, மாசி மகம்

வைத்திக்குப்பம் கடற்கரை. மயிலம் முருகன், தீவனூர்ப் பெருமாள், இன்னும் எத்தனையோ ஊர்ச் சாமிகள். பலதும் டிராக்டர் இழுத்து வந்தவை. அவர் தீர்த்தவாரியைப் பார்க்கவில்லை, கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொக்கி ஆணிக்குப் பூட்டே போடலை பாரு" என்று சாமி முன்னால் சத்தமாக.

மார்ச் 23, ஞாயிறு

டிரெய்லரோடு முதல் நெடுஞ்சாலை. மரக்காணம் தாண்டி ஆலம்பரைக் கோட்டை வரை போய் மத்தியானம் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. தொட்டி நிறையத் தண்ணீர். அத்தையை நாத்தனார் வீட்டில் விட்டோம்.

காலாப்பட்டு வரை சுகமாகப் போனோம். பின்னால் ஒரு டன் வருகிறது என்பதை இந்த இன்ஜின் காட்டிக்கொடுப்பதே இல்லை. அம்பாசடராக இருந்தால் இரண்டாவது கியரிலேயே முனகியிருக்கும், நாமும் அடங்கி ஒடுங்கிப் போயிருப்போம். இதில் லேசாக மிதித்தால் எழுபது, பேச்சு வாக்கில் எண்பது. எண்பதைத் தொட்டிருந்தது என்பதை முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கழுவேலிப் பக்கம் வெட்டவெளி. கடல்காற்று பக்கவாட்டில் அடித்தது. ஒரு டூரிஸ்ட் பஸ் உரசுகிற மாதிரி முந்தியது. அது இழுத்த காற்றில் டிரெய்லரின் வால் முதலில் வலது பக்கம் போனது, பிறகு இடது பக்கம், பிறகு முன்னைவிட அதிகமாக வலது பக்கம். கண்ணாடியில் எங்கள் வீட்டுச் சுவர் எங்களை முந்தப் பார்க்கிற மாதிரி தெரிந்தது. பிக்கப்பின் பின்பக்கத்தையே பிடித்து உலுக்கியது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"பிரேக்கைத் தொடாத! காலை எடு. ஸ்டியரிங்கைத் திருப்பாத, சும்மா பிடி."

பிடித்தேன். வேகம் தானாகக் குறைந்து, அறுபதில் ஆட்டம் சுருங்கி, ஐம்பதில் ஒன்றுமே நடக்காதது போல் பின்னால் வந்தது. உப்பளத்தை ஒட்டி ஓரம் கட்டினேன்.

இறங்கியதும் அவர் கை தன் நாடிக்குப் போகவில்லை, என் மணிக்கட்டுக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். "நூத்திப் பத்து" என்றார். பிறகுதான் தன்னுடையதைப் பார்த்தார். கோட்டைக்குப் போகவில்லை. டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ. முப்பதுக்கு மேல் போகாமல் வீடு வந்தோம், பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.

இரவு 150/92. எழுதாதே என்றார். எழுதினேன்.

மார்ச் 25

எடை மேடை. டிரெய்லரைத் தனியாக நிறுத்தினால் 1,140 கிலோ. பிக்கப்போடு மாட்டி டிரெய்லர் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்தால் 1,105. வித்தியாசம் 35 கிலோதான் கொக்கியில் உட்கார்ந்திருக்கிறது. மொத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இருக்கணுமாம்.

மேடையில் சீட்டு எழுதுகிற பெரியவர் எண்களைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்து டிரெய்லரின் மூக்கு தூக்கி நிற்பதைப் பார்த்து, "பின்பாரம்மா இது. கரும்பு வண்டில இப்படி ஏத்தினா நுகத்தடி மேல கிளம்பி மாட்டுக் கழுத்துக் கயிறு இறுக்கிடும்" என்றார்.

தொட்டித் தண்ணீரை அங்கேயே திறந்துவிட்டோம். பின்கட்டிலுக்கு அடியில் இருந்த பேட்டரியும் கேஸ் சிலிண்டரும் முன்பெட்டிக்கு வந்தன. அவர் தூக்க வரக்கூடாது என்று தம்பி சத்தம் போட்டான். மறுபடி ஏற்றினோம்: மொத்தம் 1,060, கொக்கியில் 105.

அத்தைக்கு மாம்பழம் வாங்கி வந்தேன். சீசன் ஆரம்பம், விலை அநியாயம்.

ஏப்ரல் 6

இப்போது எண்பதிலும் ஆடவில்லை, ஆனால் நான் அறுபதைத் தாண்டுவதில்லை. இவருக்கு அது பொறுக்கவில்லை. மே மாதம் ஏற்காடு என்கிறார், கோடை விழாவுக்கு. சேலம் பக்கம் இருபது கொண்டை ஊசி வளைவு.

தம்பி மீன் வாங்கி வந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஏற்காடு என்றதும் சிரித்தான். "ஏர்றதைப் பத்திக் கவலையே இல்ல அண்ணா. ஏர்றதுக்கு டர்போ கீது. எறங்கறதுக்கு இன்னா கீது?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை என்று முகமே சொன்னது. மேலே போகும்போது அந்த 1.9 லிட்டருக்குள் காற்றைத் திணித்துத் திணித்துப் பெரிய இன்ஜின் வேலை வாங்கலாம். இறங்கும்போது காலை எடுத்ததும் புகை இல்லை, காற்றாடிக்கு வேலை இல்லை. மிஞ்சுவது 1.9 லிட்டர்தான். அது எவ்வளவு பிடித்து நிறுத்துமோ அவ்வளவுதான். மீதி எல்லாம் பிரேக்கின் தலையில். டிரெய்லரில் இருப்பதோ தள்ளுபிரேக்: முன்வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் வந்து முட்டுகிற அழுத்தத்தில் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் அது முட்டிக்கொண்டேதான் வரும், பிரேக் விடவே விடாது, காய்ந்து தீய்ந்து கடைசியில் பிடிக்காமல் போகும்.

"கரண்ட் பிரேக் போடலாம்" என்றார் மெதுவாக. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. மீனை நான் ஆய்ந்தேன்.

ஏப்ரல் 8

சண்டை. எதற்கென்று எழுதப் போவதில்லை. மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று அத்தையை விட்டுக் கேட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை நடை சித்தானந்த சுவாமி கோயில் வரை. திரும்பும்போது இவர் கேட்டார், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி இங்கேதானே என்று. இத்தனை வருஷம் இங்கே இருந்தும் நாங்கள் போனதில்லை. நாடகக்காரர்கள் மாலையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்து மனிதர் கருவடிக்குப்பத்தில் எப்படி வந்து கிடக்கிறார் என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகும் அவர் நாடகக் குழுவோடேயே இருந்தார். குழு புதுச்சேரியில் இருந்தபோது, 1922 நவம்பரில், இங்கே உயிர் போனது. பிறந்தது 1867.

மனசுக்குள் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். "அம்பத்தஞ்சுதானா?" என்றார். இவருக்கு ஐம்பத்தேழு. கொஞ்ச தூரம் போய், "அந்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போனவங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. வழியில் இளநீர்.

ஏப்ரல் 17

கோயம்புத்தூர்ப் பட்டறையில் கரண்ட் பிரேக்குக்கு விலை சொல்லிவிட்டார்கள். டிரெய்லரை அங்கே கொண்டுவரச் சொல்கிறார்கள். அதற்கும் சேலம் வழியாகத்தான் போகணும் என்பதை இவர் மேப்பில் இரண்டு தடவை எனக்குக் காட்டினார். எனக்கு மேப் பார்க்கத் தெரியும்.

திங்கட்கிழமை எக்கோ. 50க்கு வந்திருந்தால் ஓட்டலாமா என்று டாக்டரிடம் நான் கேட்க வேண்டுமாம், இவர் கேட்க மாட்டாராம். வரட்டும், பார்க்கலாம் என்றேன்.

சாப்பிடும்போது திடீரென்று கேட்டார்: "கொண்டை ஊசிக்கு முன்னாடி இறக்கத்துல எந்த கியர் போடுவ?"

"செகண்ட்."

"ஃபர்ஸ்ட்."

ஃபர்ஸ்ட்டில் போனால் இன்ஜின் கத்தும் என்றேன். கத்தட்டும் என்றார். செகண்டில் பிக்கப்பைப் பிடிக்கும், பின்னால் இருக்கிற ஒரு டன்னையும் சேர்த்துப் பிடிக்குமா என்றார். தம்பியைக் கேட்கலாம் என்றேன். அவனுக்கு என்ன தெரியும் என்றார். அத்தை மோர் கேட்டார்.

126/80.