செராமிக் கோட்டிங்: எந்த பாட்டில்?

புதுக் கார் டெலிவரி எடுக்கிற அன்று ஷோரூமில் மாலை, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் தயாராக இருக்கும். கூடவே ஒரு கேள்வியும்: "சார், செராமிக் கோட்டிங் போட்டுடலாமா?" மூன்று வருஷத்துக்கு ஒரு ரேட், ஐந்து வருஷத்துக்கு ஒரு ரேட் என்று பட்டியல் நீளும். முதல் இ.எம்.ஐ.யே இன்னும் கட்டாத மனுஷன் திருதிருவென்று விழிப்பார். மைலேஜ் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள்கூட இந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள். (வேதியியல் பெயரைக் கேட்டாலே பிளஸ் டூ ஞாபகம் வந்துவிடுகிறது போல.)

பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கன் சார்ந்த ரெசின். பெயின்ட் மேல் தடவினால் கரைப்பான் ஆவியாகி, மீதி இறுகிக் கண்ணாடி மாதிரி ஒரு படலம் ஆகிறது. அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். அந்த முடியை நெடுக்கில் ஐம்பதாகப் பிளந்தால் வருகிற ஒரு கீற்று, அவ்வளவுதான்.

அடுத்து அந்தப் புகழ்பெற்ற "9 ஹெச்". எல்லா பாட்டிலிலும் இதுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். கேட்கிறவர் மனதில் வைரத்துக்கு 10, இதற்கு 9 என்று ஒரு கணக்கு ஓடும். அந்தக் கணக்கு வேறு. கனிமங்களின் கடினத்துக்கு 1812-ல் ஃப்ரெட்ரிக் மோஸ் வகுத்த அளவில்தான் வைரம் 10. இந்த ஹெச், பென்சில் டப்பாவில் இருக்கிற ஹெச். பென்சிலை 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் பாரம் கொடுத்து பெயின்ட் மேல் தள்ளுவார்கள். எந்த பென்சில் வரை கீறல் விழவில்லை என்று பார்ப்பார்கள். வரிசையில் கடைசி பென்சில் 9 ஹெச். பென்சில் ஊக்கு என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. தெருப்புழுதியில் இருக்கிற மணலோ குவார்ட்ஸ். மோஸ் அளவில் 7. பென்சிலுக்குத் தப்பித்த படலம் மணலுக்கும் தப்பிக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆகவே இரண்டு பாட்டில்களுக்கு நடுவே தேர்ந்தெடுக்க இந்த எண் உதவாது. எல்லாருமே 9 ஹெச் என்கிறபோது அது தகவலே இல்லை.

சரி, தண்ணீர்? கோட்டிங் போட்ட பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாக ஓடுகிற வீடியோதான் பாதிப் பேரை விழ வைக்கிறது. தாமரை இலையோடு ஒப்பிடுவார்கள். தாமரை இலையின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்டது. அதில்தான் அதன் சாமர்த்தியம். கோட்டிங்கோ வழவழப்பானது. துளி உருண்டு நிற்கும், ஆனால் இலையில் போல அழுக்கை எல்லாம் வாரிக்கொண்டு போகாது.

நின்ற துளி வெயிலில் காய்ந்தால்தான் வம்பு. சென்னையில் பல வீடுகளில் வண்டி கழுவுவது போர் தண்ணீரில். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் துளி நின்ற இடத்தில் வெள்ளை வட்டமாகப் படியும். உடனே துடைக்காவிட்டால் கோட்டிங்கிலேயே தடம் பதியும். துளியை அழகாக நிறுத்துகிற கோட்டிங்கை விட, தண்ணீரை ஏடு மாதிரி வழித்து இறக்குகிற கோட்டிங்தான் உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு லாபம். வீடியோவில் பார்க்க அவ்வளவு ஜோராக இருக்காது என்பது வேறு விஷயம்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் பாட்டிலில் இல்லை, அதற்கு முந்தைய பாலிஷில். கோட்டிங்குக்கு முன்னால் கீறல்களை எடுக்க மெஷினால் தேய்ப்பார்கள். தேய்வது கிளியர் கோட். அது மொத்தமே சுமார் 40, 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குகிற சரக்கு அதில்தான் இருக்கிறது. தேய்த்தது திரும்ப வளராது. வருஷா வருஷம் "மெயின்டனன்ஸ்" என்று தேய்த்துக்கொண்டே போனால் ஒருநாள் தோல் உரிய ஆரம்பிக்கும். பிறகு ரீபெயின்ட்தான். அதனால் எந்த பிராண்ட் என்று கேட்பதற்கு முன், பெயின்ட் தடிமன் மீட்டர் வைத்திருக்கிறார்களா, தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து காட்டுவார்களா என்று கேட்பது உத்தமம். முழிக்கிற கடை என்றால் சாவியைக் கொடுக்க வேண்டாம். ஷோரூம் ஆசாமி அவசர அவசரமாக ஒரு மணி நேரத்தில் போட்டுத் தருகிற கோட்டிங்கும் இந்த ரகம்தான்.

வீட்டிலேயே போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பல கோட்டிங்குகள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்துதான் இறுகும். புழுக்கமான கடலோர ஊரில் சட்டென்று இறுகிவிடும். துடைக்கத் தாமதித்தால் திட்டுத் திட்டாக நிற்கும், மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏழு வருஷ பாட்டிலை விட, துடைக்க அதிக நேரம் தருகிற ஒரு வருஷ பாட்டில் இவர்களுக்குப் போதும்.

நெடுஞ்சாலையில் லாரி தெறிக்கிற கல்லுக்கு எந்தக் கோட்டிங்கும் பதில் இல்லை, அதற்கு பி.பி.எஃப். எனப்படும் பாலியூரிதேன் ஃபிலிம், 150 மைக்ரானுக்கு மேல். பம்பருக்கும் பானெட்டுக்கும் மட்டும் அதை ஒட்டிக்கொள்ளலாம். தெருவோரம் புங்க மரத்தடியில் நிற்கிற, காக்கா எச்சம் வாங்குகிற வண்டிக்கு, சில மாதத்துக்கு ஒருமுறை அடிக்கிற ஸ்பிரே சீலன்ட் தாராளம்.

கடைசியாக, அப்பார்ட்மென்ட்டில் காலையில் கார் துடைக்க வருகிறவர். அவர் கையில் பத்து வண்டி, ஒரு வாளி, ஒரே துணி. முதல் வண்டியின் மணல் பத்தாவது வண்டியின் கதவில் வட்ட வட்டமாகக் கோலம் போடும். குற்றம் அவருடையது அல்ல, மாதச் சம்பளம் அப்படி. இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் தனி வாளியும் வாங்கிக் கொடுத்து, முதலில் தண்ணீர் அடித்துப் புழுதியை இறக்கிவிட்டுத் துடைக்கச் சொல்லி, கூடுதலாக நூறோ இருநூறோ கொடுக்கலாம். கோட்டிங் போட்ட முதல் ஒரு வாரம் வண்டியைக் கழுவக் கூடாது என்று கடைக்காரர் ஓனரிடம் சொல்லி அனுப்புவார். அதை முதலில் சொல்ல வேண்டியது இவரிடம்.